‘சொந்தக் கருத்து’ என்று போட்டால் போதுமா?

கேள்வி: தனியார் தொலைக்காட்சியில் ஒப்பந்த அடிப்படையில் செய்தி வாசிக்கிறேன். என் ஃபேஸ்புக் பக்கத்தில் அரசியல் எழுதலாமா? ‘எல்லாம் என் சொந்தக் கருத்துகள்’ என்று முகப்பில் போட்டிருக்கிறேன்.

பதில்: அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றாது. பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பரப்புகிறவர் உங்கள் பெயரையும் முகத்தையும்தான் எடுப்பார். முகப்பு வரி கூடவே போகாது. சேனல் மைக்கோடு நிற்கும் படத்தை வைத்துக்கொண்டு அந்த வரியைப் போட்டால் யாரும் நம்பவும் மாட்டார்கள்.

முதலில் ஒப்பந்தத்தை எடுங்கள். சமூக ஊடகம் என்று தலைப்பு இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். நற்பெயர், நடத்தை, ஒப்பந்த முறிவு பற்றிய பத்திகளில்தான் விஷயம் இருக்கும். ‘நிறுவனக் கொள்கைகளுக்குக் கட்டுப்படுவேன்’ என்று இருந்தால், அந்தக் கொள்கையை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வாயால் கேட்டதைப் பின்னால் நிரூபிக்க முடியாது.

விதி யாருக்குப் பொருந்தும் என்பது தெளிவாக இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பிபிசி சாட்சி. கேரி லினெகர் கால்பந்துத் தொகுப்பாளர், அதுவும் ஒப்பந்தக்காரர். 2023 மார்ச்சில் பிரிட்டன் அரசின் அகதிகள் கொள்கைப் பேச்சை 1930களின் ஜெர்மனியோடு ஒப்பிட்டு ட்வீட் போட்டார். பிபிசி அவரை ஒதுக்கி வைத்தது. சகாக்களும் வர மறுத்தார்கள். அந்த சனிக்கிழமை அவருடைய கால்பந்து நிகழ்ச்சி வர்ணனையே இல்லாமல் 20 நிமிடத்தில் முடிந்தது. செப்டம்பரில் புது விதி வந்தது: முக்கிய நிகழ்ச்சித் தொகுப்பாளர்கள், நிகழ்ச்சி ஓடும் காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும் 2 வாரமும், எந்தக் கட்சியையும் ஆதரிக்கவோ தாக்கவோ கூடாது, அரசியல்வாதியின் குணத்தை விமர்சிக்கக் கூடாது. கொள்கைகளைப் பற்றிப் பேசலாம். செய்திப் பிரிவுக்கு இந்த அளவு இடம்கூடக் கிடையாது. நீங்கள் செய்திப் பிரிவில் இருப்பவர்.

‘நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்’ என்பதும் எடுபடாது. 2025 மே மாதம் லினெகர் பகிர்ந்த வீடியோ ஒன்றில் எலிப் படம் இருந்தது. யூதர்களை எலியாகக் காட்டுவது யூத வெறுப்பின் பழைய அடையாளம். கவனிக்கவில்லை என்றார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் பிபிசியை விட்டு முன்கூட்டியே விலக வேண்டியதாயிற்று. எதைப் பகிர்ந்தாலும் ஓரம்வரை பாருங்கள்.

தேர்தல் நேரம் தனிக் கதை. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் தொலைக்காட்சியிலோ அதுபோன்ற சாதனத்திலோ தேர்தல் விஷயம் காட்டுவதை மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஆவது பிரிவு தடுக்கிறது. 2 ஆண்டு வரை சிறை உண்டு. ‘அதுபோன்ற’ என்ற சொல்லை உத்தேசித்து உங்கள் பக்கத்தையும் அப்போது அடக்கி வையுங்கள். ஷெட்யூல் செய்துவிட்டு மறந்த பதிவு அந்த நேரத்தில்தான் வந்து விழும். வேட்பாளருக்காகக் காசு வாங்கிப் போட்டால் அது கருத்தல்ல, விளம்பரம்: போடும் முன்பே தேர்தல் ஆணையக் குழுவிடம் சான்று வாங்க வேண்டும், வேட்பாளரின் செலவுக் கணக்கிலும் ஏறும்.

ஏற்கெனவே பிரச்சினை கிளம்பிவிட்டதா? பதறிப்போய் அழிக்காதீர்கள். தேதியும் இணைப்பும் தெரிய முழுப் பதிவையும் படமெடுத்துக்கொண்டு, ஆசிரியரிடம் நீங்களே முந்திச் சொல்லிவிட்டு, அப்புறம் நீக்குங்கள்.