அலை இல்லாத இடம் பாதுகாப்பானதா?

கேள்வி: கல்கிசைக் கடலில் பிள்ளைகளை அலை குறைந்த இடமாகப் பார்த்துக் குளிக்க விடுகிறோம். சரிதானே?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: இல்லை, பெரும்பாலும் அங்கேதான் ஆபத்து. இரு பக்கமும் அலை உடைய, நடுவே மட்டும் நீர் கருத்து, நுரையும் மணலும் கடல்பக்கம் போனால் அது இழுவை நீரோட்டம். கரையில் குவிந்த நீர் அந்த வழியால்தான் திரும்புகிறது. அதன் வேகம் சிலவேளை விநாடிக்கு 2 மீற்றரையும் தாண்டும். எதிர்த்து நீந்தினால் நல்ல நீச்சல்காரரும் களைத்துவிடுவார். அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். ஆகவே மிதந்தபடி கையை உயர்த்துங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் பக்கத்தால் திரும்புங்கள். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு பாயவே கூடாது. மூடி இறுக்கிய வெற்று பிளாஸ்டிக் கானை எறிந்தாலும் பிடித்து மிதக்கலாம்.

உயிர்காப்பாளர் நிற்கும்போது, சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. அந்த மாதங்களில் பிள்ளைகள் கால் நனைத்தால் போதும்.