ரொட்டிக்கடைச் சுவரின் புகைக்கறையும் ஆத்தங்குடித் தரையும்

காரைக்குடியில் தங்கள் பாட்டனார் நடத்திய ரொட்டிக்கடையைப் புதுப்பிக்கும்போது, புகையேறிய சுண்ணாம்புச் சுவரைச் சுரண்டி எமல்ஷன் பெயின்ட் அடிக்கவும், ஆத்தங்குடி ஊரில் செய்த பூவேலைத் தரைக்கற்கள் பதித்த தரையை ஆசிட் ஊற்றிக் கழுவவும் ஒப்பந்தக்காரர் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இரண்டையும் உடனே நிறுத்தி வையுங்கள்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதன்று. கண்ணாடியின்மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, பின்னர்த் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது. பூவேலை முழுவதும் மேலேயுள்ள மெல்லிய படலத்தில்தான் இருப்பதால், ஆசிட் அதை அரித்துவிடும். பாலிஷ் இயந்திரமோ தேய்த்தே எடுத்துவிடும். எங்கள் வீட்டு வளவில் என்றோ ஆசிட் சிந்திய இடம், இன்றும் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறி, காலுக்குச் சொரசொரக்கிறது. வெண்ணெய்ப் பிசுக்குக்கு மென்மையான சோப்புத் தண்ணீரும், காய்ந்தபின் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெயும் போதும். மீதி மெருகை நடக்கிற கால்களே தரும். உடைந்த கல்லுக்கு, மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடிப் பட்டறைகளிலேயே கேட்டுப் பாருங்கள்.

சுவர்க் கரியின்மேல் முதலில் ஈரம் படக் கூடாது. பட்டால் கரி பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். மென்மையான தூரிகையால் தட்டி, உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். அதையும் அலமாரிக்குப் பின்னால் ஒரு சாண் அளவில் சோதித்த பிறகே தொடருங்கள். எமல்ஷன் அடித்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, பூச்சே உரியத் தொடங்கும். அடுப்புக்கு நேர் மேலே எஞ்சும் கறையை நானாக இருந்தால் அப்படியே விட்டுவிடுவேன். அதுவும் கடையின் வயதுதானே.

தேக்கு அலமாரிக் கண்ணாடிகளைக் கழற்றுமுன், ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுப் படமெடுத்து வையுங்கள்.