தினசரி செபத்தில் நன்றி சொல்வதை எப்படிப் பழக்கமாக்குவது?

தினமும் செபித்தாலும் எல்லாம் கேட்பதிலேயே முடிந்துவிடுகிறது, நன்றி சொல்ல வருவதில்லை என்கிறீர்கள். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம ஆய்வு, அதாவது அன்றைய நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்க்கும் செபம், இதற்கு நன்றாக உதவும்.

1548இல் அச்சான அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில் இது ஐந்து படிகளாக இருக்கிறது. பெற்ற நன்மைகளுக்கு நன்றி, தன்னை அறியும் அருளுக்கு மன்றாட்டு, கழிந்த நாளை மணிவாரியாகத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு, திருந்தும் உறுதி. குறைகளைத் தேடும் முன்பே நன்றி வந்துவிடுகிறது, கவனித்தீர்களா? என் கணக்கில் இந்த வரிசைதான் இதன் பலமே. குற்ற உணர்விலிருந்து தொடங்கினால் செபிக்கும் நேரம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

நன்றியைப் பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். 'எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே' என்பது இரண்டே நாளில் வாய்ப்பாடாகிவிடும். கூட்டமான பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்த பெண், லீவு போட்ட நாளில் உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்த சக ஊழியர் என்று ஆளையும் நேரத்தையும் நினைத்துச் சொல்லுங்கள். மறுநாள் அவரிடமே நேரில் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது.

சரி, நொந்துபோன நாளில் என்ன செய்வது? வலிந்து நன்றி சொல்ல வேண்டாம். பைபிளில் உள்ள திருப்பாடல்களில் பாதிக்குப் பாதி புலம்பல் மாதிரிதான் எனக்குப் படும். 88ஆம் பாடல் இருளிலேயே முடிகிறது. அதுவும் செபம்தான்.

நேரம்? இயேசு சபையினர் வழக்கமாக நண்பகலிலும் இரவிலும் செய்வார்கள். படுத்தபடி ஆரம்பித்தால் தூக்கம் வந்துவிடும், அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.