எழுபது சதவீத ஃபிலிம் என்று சொல்லி விற்ற கார்

கேள்வி: ஆறு மாதம் முன்பு செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினோம். நான்கு கதவுக் கண்ணாடியிலும் ஃபிலிம் ஒட்டியிருந்தது. “எழுபது சதவீத ஃபிலிம்தான், இப்போது சட்டமே அனுமதிக்கிறது” என்றார் விற்றவர். போன வாரம் எண்ணூர் விரைவுச் சாலையில் போலீஸ் நிறுத்தி 500 ரூபாய் அபராதம் போட்டுவிட்டார்கள். என் மகளுக்கு வெயில் பட்டாலே தோல் தடித்துவிடும். அவளுக்காகவாவது ஃபிலிமை விட்டுவைக்கலாமா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: எடுத்துவிடுங்கள், சகோதரி. பழைய வண்ணாரப்பேட்டையில் இருபத்தெட்டு வருடமாகக் கார் கண்ணாடி மாற்றுகிறேன். ஒரு காலத்தில் நானே நூற்றுக்கணக்கான வண்டிகளுக்குக் கருப்பு ஃபிலிம் ஒட்டிக் கொடுத்தவன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 100-வது விதி இதைச் சொல்கிறது. முன், பின் கண்ணாடிகள் வெளிச்சத்தில் 70 சதவீதமாவது உள்ளே விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமாவது விட வேண்டும். அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், எத்தனை சதவீதமானாலும் கண்ணாடியின் மேல் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்றது. மே 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த மாதம் முழுக்க எங்கள் கடையில் ஒட்டுகிற வேலை நின்று, உரிக்கிற வேலைதான் நடந்தது. விலக்கு கேட்க வழி இருந்தது இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும்.

விற்றவர் சொன்னது எங்கிருந்து வந்தது என்றால், 2021 ஏப்ரல் 1 முதல் அந்த விதி திருத்தப்பட்டது. உட்பக்கம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடியும் அதில் இடம்பெற்றது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 கணக்கு குறையாமல் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் அது கேரளத்துத் தீர்ப்பு. எண்ணூர் சாலையில் உங்களை நிறுத்துகிறவர் அதைக் கேட்டு விட்டுவிடுவார் என்று நம்பாதீர்கள். இரண்டாவது முறை பிடிபட்டால் அபராதம் 1,500 ரூபாய்.

சரி, அந்தத் தீர்ப்பையே வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கும். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். கம்பெனியிலிருந்து வரும்போதே பல கார்களின் கதவுக் கண்ணாடியில் லேசான பச்சை கலந்திருக்கும். உங்கள் கண்ணாடி 70 சதவீத வெளிச்சத்தை விடுகிறது என்று வையுங்கள். அதன்மேல் 70 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 70-இல் 70 சதவீதம், அதாவது 49 தான் மிஞ்சும். பக்கக் கண்ணாடிக்கு வேண்டிய 50 கூட இல்லை. ஃபிலிம் டப்பாவில் போட்டிருக்கும் எண் ஃபிலிமுக்கு மட்டும் உரியது. சட்டம் பார்ப்பது இரண்டும் சேர்ந்த பிறகு உள்ளே வரும் வெளிச்சத்தை.

அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. ஒருமுறை விடியற்காலை நாலு மணிக்கு, ஃபிலிம் ஒட்டிய வாடிக்கையாளர் வண்டியைக் காசிமேடு பக்கம் ஓட்டிப்போனேன். சந்துக்குள் இடதுபுறம் திரும்பும்போது, தலையில் மீன் கூடையோடு ஒரு அம்மா கதவை ஒட்டி நின்றிருந்தார். கண்ணாடியை இறக்கியிருந்தால் பத்தடி முன்னாலேயே பார்த்திருப்பேன். அவர் கூடையைக் கையால் தாங்கிக்கொண்டு பின்வாங்கியதால் தப்பினார். அன்றைக்குப் பிறகு ஃபிலிம் ஒட்டிய வண்டியை இருட்டில் நான் எடுப்பதில்லை. உங்கள் பக்கம் இரவெல்லாம் கன்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. அவற்றுக்கு இடையில் சைக்கிளில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஃபிலிமை நீங்களே உரிக்கலாம். ஹேர் டிரையரால் சூடுகாட்டி, மூலையிலிருந்து மெதுவாக இழுங்கள். மிச்சப் பசையைச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். பின் கண்ணாடியிலும் ஒட்டியிருந்தால் அங்கே பிளேடே வேண்டாம். பனிமூட்டம் போக்கும் மெல்லிய கம்பிக் கோடுகள் அறுந்துவிடும்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். முன் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. புற ஊதாக் கதிரைப் பெருமளவு அதுவே தடுத்துவிடும். கதவில் இருப்பது ஒற்றைக் கண்ணாடி, அதில் அந்தத் தாள் கிடையாது. அதனால் முழுக்கைச் சட்டை, தோல் மருத்துவர் எழுதித் தரும் கிரீம் இரண்டும் அவசியம். அப்புறம், காலையில் திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை பக்கம் போகும்போது வெயில் கடல் பக்கமிருந்து, இடது ஜன்னலில் அடிக்கும். மாலையில் திரும்பும்போது மேற்கு வெயிலும் இடது பக்கம்தான். குழந்தையை ஓட்டுகிறவருக்குப் பின்னால், வலது பக்கம் உட்கார வையுங்கள்.