எக்ஸ்-கதிர் லேசர் கூடத்தை நம்பி மகளைப் படிக்க வைக்கலாமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய இடங்களில் மட்டுமே இருக்கும் எக்ஸ்-கதிர் லேசர் என்ற ஓர் இயந்திரத்தை நம்பி மகளைப் படிக்க வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானதுதான். கலிஃபோர்னியாவில் உள்ள எல்சிஎல்எஸ் என்ற எக்ஸ்-கதிர் லேசர் கூடம் 2009இல் முதல் லேசர் ஒளியைத் தந்தது. பின்னர் ஜப்பான், தென் கொரியா, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி என்று பட்டியல் மெதுவாகத்தான் நீண்டது.

ஆனால் அந்த இயந்திரத்துக்குள் எத்தனை தொழில்கள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். ஹாம்பர்க் அருகே 2017இல் திறக்கப்பட்ட ஐரோப்பியக் கூடத்தின் நீளம் 3.4 கிலோமீட்டர். ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பாயும் எலெக்ட்ரான்களை, துருவங்கள் மாறி மாறி அமைந்த காந்த வரிசைக்குள் செலுத்துகிறார்கள். அவை நெளிந்து ஓடும்போது எக்ஸ்-கதிரை உமிழ்கின்றன. அந்தக் கதிர் சிறு சிறு துடிப்புகளாக, நொடிக்கு 27,000 வரை வரும். ஒரு துடிப்பின் ஆயுளை ஃபெம்டோ நொடிகளில்தான் சொல்ல முடியும். ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு ஃபெம்டோ நொடி. கதிரின் பாதையில் வைக்கும் புரதப் படிகம் (புரத மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிய சிறு துணுக்கு) அடிபட்டுச் சிதறுவதற்குள் அதன் படம் பதிவாகிவிடுகிறது. (எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இதுதான்.)

எலெக்ட்ரான்களை முடுக்கும் நயோபியம் என்ற உலோகத்தால் ஆன குழிகளை மைனஸ் 271 டிகிரியில் வைத்திருக்கக் குளிர்நுட்பப் பொறியாளர் வேண்டும். குழாய்களுக்குள் காற்றே இல்லாமல் பார்த்துக்கொள்ள வெற்றிட வல்லுநர் வேண்டும். குவியும் தரவைச் சலித்தெடுக்க நிரலாளர் வேண்டும். இந்தத் திறமைகளுக்கு மருத்துவக் கருவித் துறையிலும் சிப் தயாரிப்பிலும் இடம் உண்டு. ஆகவே கூடம் கைகூடாவிட்டாலும் படிப்பு வீணாகாது.

விஞ்ஞானியாகவே ஆக வேண்டுமென்றால் பாதை நீளமானது. முனைவர் பட்டம் கட்டாயம். அதன்பின் இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்த வேலைகள், நாடு விட்டு நாடு மாறுதல். இதை அவளிடம் மறைக்காதீர்கள். இன்னொரு வழியும் உண்டு: வேதியியலோ உயிரியலோ படித்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடியே இந்தக் கூடங்களுக்கு ஆய்வுத் திட்டம் அனுப்பலாம். தேர்வானால் சில நாட்கள் கதிர் நேரம், அதாவது அந்தக் கதிரைப் பயன்படுத்தும் வாய்ப்பு, கிடைக்கும். இரவும் பகலும் முறை வைத்து வேலை செய்வார்கள்.

கதிர்வீச்சால் ஆபத்து வருமோ என்றும் எழுதியிருந்தீர்கள். கதிர் பாயும் அறைகள் தடித்த கவசத்துக்குள் இருக்கின்றன. கதவு பூட்டப்படாமல் கதிர் உள்ளே வராது.

முதலில் அவளிடம் ஒன்று கேளுங்கள்: இயந்திரத்தைக் கட்ட ஆசையா, அதைக் கொண்டு மூலக்கூறுகளைப் பார்க்க ஆசையா? பதிலைப் பொறுத்துத்தான் பொறியியலா அறிவியலா என்று நாம் பேச முடியும்.