ஹேங்கர் திண்ணை: நீலக் கறை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: ஐயா, நானும் இரண்டு நண்பர்களும் கூட்டாக 1956-ஆம் வருட பைப்பர் பிஏ-18 சூப்பர் கப் விமானம் ஒன்று வைத்திருக்கிறோம். 150 குதிரைத்திறன் லைக்கமிங் இன்ஜின், காலி எடை 1,130 பவுண்டு. இரண்டு மாதமாக இடது ஜன்னலுக்கு மேல், இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் நீலக் கறை. உள்ளே பெட்ரோல் வாடை. டேங்க் ஓட்டை, மாற்றத்தான் வேண்டும் என்கிறார் ஒருவர். அப்படியானால் 18 கேலனுக்குப் பதில் 24 கேலன் டேங்காகவே இரண்டு பக்கமும் போட்டுவிடலாமா? இறக்கை மேல் போர்த்திய துணியைக் கிழிக்க வேண்டியிருக்குமா? நாங்களே செய்யலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பென்சில்வேனியா

பதில்: இரண்டு மாதமாகவா? முதலில் பறப்பதை நிறுத்துங்கள் தம்பி. மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

100எல்எல் என்கிற விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் போடுகிறார்கள். பெட்ரோல் ஆவியாகிவிடும், சாயம் தங்கிவிடும். ஆகவே கறை இருந்தால் கசிவு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் கறை இருக்கிற இடத்தில்தான் ஓட்டை என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். மாடியில் தண்ணீர் கசிந்தால் கூடத்தில் எங்கோ ஒரு மூலையில்தானே சொட்டுகிறது? இறக்கையும் அப்படித்தான். குழாய் மேல் வழிந்து, ரிப்பை, அதாவது இறக்கையின் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு நகர்ந்து, பள்ளமான இடத்தில் வந்து நிற்கும்.

நீங்கள் சொல்கிற இடத்தில் எனக்கு முதல் சந்தேகம் டேங்க் மேல் இல்லை. தலைக்கு மேலே பக்கவாட்டில் கண்ணாடிக் குழாய் இருக்கிறதே, எவ்வளவு பெட்ரோல் மிச்சம் என்று பார்க்கிற குழாய், அதன் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் சீல் மேல். அடுத்த சந்தேகம் டேங்கையும் குழாயையும் இணைக்கிற கையகல ரப்பர் ஹோஸ்கள் மேல். ரப்பர் காய்ந்து கல்லாகிவிடும். கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, குழந்தைக்குப் போடும் டால்கம் பவுடரை மெல்லத் தூவுங்கள். டேங்கை நிரப்பிவிட்டு ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் பவுடரில் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோட்டை மேல்நோக்கிப் பின்தொடருங்கள். முழு டேங்கில் கசிந்து, பாதிக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் கோளாறு மேல்பாதியில். நான் பார்த்த "ஓட்டை டேங்க்"களில் பல, சில டாலர் ரப்பர் வளையத்தோடு முடிந்துபோன விஷயங்கள்.

உண்மையிலேயே டேங்க்தான் என்று வைத்துக்கொள்வோம். துணியைப் பற்றிய பயத்தை விடுங்கள். சூப்பர் கப் டேங்க் இறக்கை வேரில், முன் ஸ்பாருக்கும் பின் ஸ்பாருக்கும் (இறக்கையின் நீளவாக்கு உத்தரங்கள்) நடுவே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல்மூடி அலுமினியத் தகடு, ஸ்க்ரூ போட்டது. தகட்டைக் கழற்றினால் பட்டைகளோடு டேங்க் தெரியும். துணி தகட்டின் ஓரத்தோடு முடிகிறது. கிழிக்கவே வேண்டாம். ஆனால் பல வருடம் கழற்றாத ஸ்க்ரூ லேசில் வராது. முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறப் போடுங்கள். திருப்புளி வழுக்கினால் அடுத்த குத்து துணிக்குத்தான். சுற்றிலும் ஒரு பழைய அட்டையை விரித்துக்கொள்வேன் நான்.

பெட்ரோலை வெளியே, திறந்த வெளியில் இறக்குங்கள், ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள் கூடாது. பிளாஸ்டிக் வாளியும் கூடாது. உலோகப் பாத்திரம், அதற்கும் விமானத்துக்கும் ஒரு ஒயர். ஓடுகிற பெட்ரோலே மின்னூட்டம் உண்டாக்கும். பிறகு ஹோஸ்கள். அவற்றைப் பிடித்து இழுக்காதீர்கள், நீளவாக்கில் கத்தியால் கீறி உரியுங்கள். இழுத்தால் டேங்கின் மூக்குக் குழாய் வேரோடு விரிசல் விடும். அந்த விரிசலைப் பழைய டேங்கின் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள்.

டேங்கைத் தூக்கியதும் கீழே ஒரு விளக்கைப் பிடித்துப் பாருங்கள். நான் நேரம் செலவழிப்பதெல்லாம் இங்கேதான். பட்டைக்கு அடியில் கம்பளித் துணி வைத்திருந்தால் அது ஈரத்தைக் குடித்துக்கொண்டு, அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்துப்போயிருக்கும். நகத்தால் சுரண்டினால் பொடியாக வரும். எலிக்கூடு இருக்கலாம். சிரிக்காதீர்கள், எலி மூத்திரம் ஸ்பாரையே தின்னும். புது டேங்கைத் தூக்கி எலிக்கூட்டின் மேல் வைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பழைய டேங்கைச் சோதிக்க: வாய்களை அடைத்து, ஒன்றில் மட்டும் காற்று. கொத்தனார் மட்டம் பார்ப்பாரே, தண்ணீர் ஊற்றிய டியூப், அதை இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 14 அங்குலம் வித்தியாசம் வந்தால் அரை பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அரை பவுண்டு அழுத்தம். அதோடு நிறுத்திச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கம்ப்ரசரை நேராக மாட்டினால் தட்டையான சுவர் பூரி மாதிரி உப்பிக்கொள்ளும். வெல்டிங் என்றால் பழக்கப்பட்டவரிடமே கொடுங்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது ஆவி. பத்தவைத்த பிறகு வெல்டிங்குக்குத் தடவிய ஃப்ளக்ஸ் மருந்தைச் சுத்தமாகக் கழுவாவிட்டால் அதுவே ஆறு மாதத்தில் புது ஓட்டை போடும்.

இனி உங்கள் 24 கேலன் ஆசை. கணக்குப் பார்ப்போமே. உங்கள் விமானத்தின் உச்ச எடை 1,750 பவுண்டு. காலி எடை 1,130 போனால் மிச்சம் 620. பெட்ரோல் கேலனுக்கு 6 பவுண்டு. இப்போதுள்ள 36 கேலன் 216 பவுண்டு. ஆளுக்கும் மூட்டைக்கும் 404 மிஞ்சும். 48 கேலன் என்றால் 288 பவுண்டு, மிஞ்சுவது 332. பெரிய டேங்கே தன் பங்குக்குக் கொஞ்சம் எடை கூட்டும், அதைச் சேர்க்கவில்லை. 170 பவுண்டு ஆட்கள் இரண்டு பேர் ஏறினால் கணக்கு உதைக்கிறது, ஒரு தண்ணீர் பாட்டில்கூட ஏற்ற முடியாது. அலாஸ்காவில் ஆற்று மணல்திட்டில் இறங்கி ஏறுகிறவர்கள் பெரிய டேங்க் போடுகிறார்கள் என்றால் அங்கே அடுத்த பெட்ரோல் பங்க் மலைக்கு அந்தப் பக்கம். உங்களுக்கு 36 கேலனே கிட்டத்தட்ட நாலு மணி நேரம். அதற்கு முன்னால் முதுகு வலி வந்துவிடும். எனக்கு வரும்.

சட்டமும் இரண்டுக்கும் வேறு. பழையதற்குப் பதில் அதே மாதிரி அங்கீகரித்த 18 கேலன் டேங்கைப் போடுவது ஏ-பி உரிமம் (விமான உடம்பு, இன்ஜின் இரண்டுக்குமான உரிமம்) பெற்ற மெக்கானிக் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்திடுகிற வேலை. பெரிய டேங்க் என்றால் பெரிய மாற்றம்: அதற்கான எஸ்டிசி (அந்த மாற்றத்துக்கு எஃப்.ஏ.ஏ. என்ற அமெரிக்க விமானத்துறை தரும் சான்று), அதை வைத்திருப்பவரின் எழுத்துப்பூர்வ அனுமதி, பெரிய மாற்றத்தைப் பதியும் ஃபார்ம் 337, ஐ.ஏ. (ஆய்வு செய்யும் அதிகாரமும் பெற்ற மெக்கானிக்) கையெழுத்து, புதிய எடைக் கணக்கு எல்லாம் வேண்டும். ஃபார்மின் ஒரு பிரதி உங்களிடம், இன்னொன்று 48 மணி நேரத்துக்குள் ஓக்லஹோமா சிட்டியிலுள்ள எஃப்.ஏ.ஏ. அலுவலகத்துக்கு. நீங்களே செய்யலாமா என்றால், மெக்கானிக் பக்கத்தில் இருந்து மேற்பார்க்க, உங்கள் கையால் செய்யலாம். உரிமையாளர் தானே செய்துகொள்ளலாம் என்று எஃப்.ஏ.ஏ. விட்டிருக்கிற சில்லறை வேலைகளில் டேங்க் மாற்றுவது இல்லை.

பொருத்தும்போது: டேங்கின் மூக்கும் குழாயும் நேராகச் சந்திக்க வேண்டும். வளைத்து இழுத்து மாட்டாதீர்கள். ஹோஸ் எல்லாம் புதிது, பெட்ரோலுக்கு உரியது. டேங்குக்கும் உடம்புக்கும் ஒயர் இணைப்பு மறக்கக் கூடாது. பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியில் வளைந்த காற்றுக்குழாய் இருந்தால் அதன் வாய் முன்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் காற்று உள்ளே தள்ளாமல் வெளியே உறிஞ்சும். அந்த டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க முரண்டு பிடிக்கும்.

கடைசியாக, பெட்ரோல் சரியாக இறங்குகிறதா என்கிற ஓட்டச் சோதனை. இதில் பம்ப் கிடையாது, பூமி இழுப்பதுதான் பம்ப். அதனால் முழு விசையில் இன்ஜின் குடிப்பதுபோல் ஒன்றரை மடங்கு வர வேண்டும் என்பது விதி. மணிக்கு 14 கேலன் குடிக்கிற இன்ஜின் என்றால் 21. கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றிப் பிடித்தால் ஒரு கேலன் டப்பா 2 நிமிடம் 50 வினாடிக்குள் நிரம்ப வேண்டும். மூக்கை ஏறுகிற கோணத்துக்குத் தூக்கிவைத்து, டேங்கில் கொஞ்சமாக ஊற்றி, ஒவ்வொரு டேங்காகப் பாருங்கள். ஒருமுறை எனக்கு ஆறு நிமிடமாகியும் முக்கால் டப்பாதான் வந்தது. குப்பை போகாமலிருக்க ஹோஸுக்குள் ஒரு துண்டுத் துணி சொருகியிருந்தேன். யாரோ இல்லை, நான்தான். அன்றிலிருந்து என் அடைப்புகளுக்கெல்லாம் ஒரு முழ நீளத்துக்குச் சிவப்பு ரிப்பன் வால்.

கேள்வி: டேங்கை மாற்றாமல் உள்ளே மருந்து ஊற்றிக் குலுக்கினால் ஓட்டை அடைபடும் என்கிறார்களே?
– வாசகர், ஒஹாயோ

பதில்: அடைபடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. பழைய குலுக்கல் மருந்துகளுக்கும் ஆல்கஹால் கலந்த கார் பெட்ரோலுக்கும் ஆகவே ஆகாது. தோலாக உரிந்து, டேங்க் வாயிலுள்ள வலையை மூடிக்கொள்ளும். கார் பெட்ரோலுக்கு அனுமதி தரும் எஸ்டிசிகளே எத்தனால் கூடாது என்கின்றன. யாரோ முன்பு ஊற்றியிருந்தால் லாக்புக்கில் தேடுங்கள்.

கேள்வி: தாத்தா, பெட்ரோலை இறக்கையில் ஏன் வைக்கிறார்கள்? விமானியின் பக்கத்தில் வைத்தால் பார்த்துக்கொள்ளலாமே?
– பிளஸ் டூ மாணவி, திருச்சி

பதில்: வைத்தும் பார்த்தாயிற்று அம்மா. பைப்பர் ஜே-3 கப்பில் 12 கேலன் டேங்க் இன்ஜினுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில், முழங்காலுக்கு நேரே. விபத்தில் அது எங்கே வரும் என்று நீயே யோசித்துக்கொள். 1947-இல் வந்த பிஏ-11இல் அதை இடது இறக்கைக்கு, 18 கேலனாக மாற்றினார்கள். இறக்கை உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானாக இறங்கும். எடையும் விமானத்தின் சமநிலைப் புள்ளிக்குப் பக்கத்தில், தீரத் தீர மூக்கு ஏறி இறங்காது.

ஜே-3இல் அளவு பார்க்கிற விதம் உனக்குப் பிடிக்கும். தக்கையில் ஒரு கம்பி குத்தி, டேங்க் மூடி வழியாக மேலே நீட்டியிருப்பார்கள். கண்ணாடிக்கு முன்னால் கம்பி ஆடிக்கொண்டே இருக்கும்; பெட்ரோல் குறையக் குறைய அது உள்ளே இறங்கும். எங்கள் ஊர்ப் பழைய புஷ்பக் என்ற சிறு விமானத்தில் வேலை கற்றுக்கொண்டு வந்த எனக்கு முதலில் அதைப் பார்த்தபோது யாரோ மீன் பிடிக்கிறார்கள் என்றே தோன்றியது. தக்கை மேல் பூசிய வார்னிஷ் கரைந்து தக்கை ஊறிவிட்டால் மட்டும் ஏமாற்றும்: டேங்க் நிறைய இருக்கும், கம்பி காலி என்று சொல்லும். அது பரவாயில்லை. கம்பி வளைந்து மூடியில் மாட்டிக்கொண்டால், காலியான டேங்கை நிறைவு என்று சொல்லும். அதனால் ஏறுவதற்கு முன் கம்பியை ஒரு விரலால் அழுத்தி, திரும்ப எழுகிறதா என்று பார்ப்பார்கள்.