தெருவைக் கேட்டால் என்ன சொல்வது?

(நூற்பாலை ஒன்றில் 22 ஆண்டுகள் ஆள் எடுத்தவன் நான். நேர்முகத் தேர்வுக்குப் போய் மனம் நொந்து வந்தவர்கள் கேட்கலாம்.)

கல்லிடைக்குறிச்சி: அண்ணாச்சி, பத்து மணிக்கு வரச்சொல்லி மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். என் விண்ணப்பத்தின் மேலேயே டீ டம்ளரை வைத்துக்கொண்டு பேசினார் மேலாளர்.

– அந்த வட்டக் கறையை ஒரு காலத்தில் நானும் போட்டவன்தான். உங்கள் மேல் குறையில்லை, தம்பி. அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வரவில்லையே?

பேட்டை: நான் கொடுத்துவிட்டேனே!

– காட்டலாம், கொடுக்கக் கூடாது. எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தரவில்லையென்றால் காவல் நிலையம்.

வள்ளியூர்: எல்லோரையும் அனுப்பிவிட்டு என் உடம்பைப் பற்றிப் பேசினார் முதலாளி. வேலையில் சேராத நான் புகார் கொடுக்க முடியுமா?

– முடியும் அம்மா. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலையில் இருப்பவரா இல்லாதவரா என்று பார்ப்பதில்லை. பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். மூன்று மாதத்துக்குள் கொடுங்கள். தேதி, நேரம், எந்த அறை, அவர் பேசிய சொற்கள், எல்லாவற்றையும் இன்றிரவே எழுதிவையுங்கள். நாளானால் சொல் மாறிவிடும்.

பணகுடி: வளைகுடா வேலைக்கு லாட்ஜில் தேர்வு வைத்து ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள்.

– பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். எழுந்து வாருங்கள்.

களக்காடு: படிப்பைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. ‘எந்த ஊர், எந்தத் தெரு, குலதெய்வம் எது?’ இவ்வளவுதான் கேட்டார்கள்.

தச்சநல்லூர்: குறுக்கிடுகிறேன். ஊர் கேட்பது நம் பக்கத்துப் பாசம் அல்லவா?

– ஊர் கேட்பது பாசம். தெரு கேட்பது வேறு. குலதெய்வத்தின் பெயரைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்தவரின் பக்கத்து நாற்காலியில் இருந்திருக்கிறேன். அன்று வாய் திறக்காதது என் தப்பு.

தச்சநல்லூர்: எல்லோரும் அப்படியா?

– இல்லை. ஆனால் பாசத்தில் கேட்பவர் அடுத்து ‘சாப்பிட்டாயா’ என்பார். சாதி பார்ப்பவர் அடுத்து அப்பா பெயரைக் கேட்பார்.

களக்காடு: நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

– ‘பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஐயா.’ அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

முக்கூடல்: அண்ணாச்சி, அசல் சான்றிதழைக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

– பேட்டைக்காரரைக் கேளுங்கள்.